நூலகப் பணியாளரும் தொழிலாளர் இழப்பீடும்

நூலகத்தை அறிவுக் கோயில் என்று போற்றுதல் தமிழர் மேடைகளில் நெடுநாளைய வழக்கு. அக்கோயிலில் வீற்றிருக்கும் நூல்களைப் பற்றியும் அவற்றை யாத்த புலவர்களைப் பற்றியும் பேசாதார் இலர். ஆயின், அந்நூல்களைத் தூக்கியும் துடைத்தும் அடுக்கியும் வாசகர் கையில் எடுத்துக் கொடுத்தும் வாழ்நாளைக் கழிக்கும் மனிதரைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. அம்மனிதர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் மருத்துவச் செலவை ஏற்பவர் யார்? இருபதாண்டுகள் நூற்சுமை தூக்கியதால் தோள்மூட்டுத் தேய்ந்துபோனால், அத்தேய்வு வேலையால் வந்ததா, வயதால் வந்ததா என்று தீர்ப்புக் கூறுபவர் யார்? அவர் பணியிடத்தில் மாண்டால் அவர்தம் மனைவி மக்களுக்குச் சோறு எங்கிருந்து வரும்?

இவ்வினாக்களுக்கு விடை காண முற்பட்ட சட்டங்களின் வரலாறு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுக்காலம் உடையது. அவ்வரலாற்றின் ஊடே ஒரு கோடு தொடர்ந்து ஓடுகிறது. கையால் உழைப்பவர் கோட்டின் ஒரு பக்கம். எழுதுகோலால் உழைப்பவர் மறுபக்கம். மலாயாவின் தோட்டப்புறங்களை அறிந்தவர்க்கு இக்கோடு புதியதன்று. பால்வெட்டுக் கத்தியை ஏந்தியவர் லயத்தில் வாழ்ந்தார். பெயர்ப் பதிவேட்டை ஏந்திய கிராணியார் தனி வீட்டில் வாழ்ந்தார். தோட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்த இக்கோடு சட்டப் புத்தகத்திலும் இருந்தது. நூலகப் பணியாளரோ அக்கோட்டின் மேலேயே நிற்பவர். பெயரால் அவர் எழுதுகோல் வர்க்கத்தவர். செய்யும் வேலையால் பாதி நேரம் சுமை தூக்குபவர். ஆகவே, அவரை எந்த வகுப்பில் சேர்ப்பது, அவருக்காக முதலாளி எவ்வளவு செலவிடுவது என்னும் கேள்வி, இழப்பீட்டுச் சட்டம் முழுவதையும் உரைத்துப் பார்க்கும் உரைகல்லாக அமைகிறது.

சட்டம் தோன்றுவதற்கு முன்

தொழிற்புரட்சியின் தொடக்கக் காலத்தில், வேலையில் அடிபட்டவருக்கு இருந்த ஒரே வழி முதலாளிமீது வழக்குத் தொடுப்பதே. அவ்வழியும் விரைவில் அடைபட்டது. 1837ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி எதிர் பௌலர் என்னும் வழக்கு தீர்ப்பாயிற்று. இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் பணியாள், அளவுக்கு மீறிச் சுமையேற்றிய வண்டியில் சென்றபோது வண்டி முறிந்து விழுந்ததால் தொடை எலும்பு முறிந்தான். நடுவர் குழு அவனுக்கு 100 பவுன் வழங்கியது. மேல்மன்றமோ அத்தொகையை மறுத்துவிட்டது. உடன் வேலை செய்வோரின் கவனக் குறைவுக்கு முதலாளி பொறுப்பாகார் என்னும் கொள்கை இத்தீர்ப்பிலிருந்தே வளர்ந்தது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1842இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில உச்சமன்றமும் இதே வழியில் நடந்தது. கையை இழந்த இரயில் ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், ஆபத்தான வேலையை ஏற்பவர் அவ்வாபத்துக்கு உரிய விலையைத் தம் கூலியிலேயே பெற்றுவிடுகிறார் என்று அம்மன்றம் கருதியது. தாளில் படிக்கும்போது இவ்வாதம் நேர்மையானதாகவே தோன்றும். ஆனால், கூலியைப் பேரம் பேசும் வலிமை அற்றவர்க்கு அவ்விலை ஒருநாளும் கைக்கு வந்ததில்லை. விபத்தின் செலவு எங்கும் மறைந்துபோகவில்லை. அது முதலாளியின் கணக்கேட்டை விட்டு நீங்கித் தொழிலாளியின் அடுப்பங்கரைக்குச் சென்று சேர்ந்தது. அவ்வளவே.

ஜெர்மனியும் பிரிட்டனும் காட்டிய வழி

இந்நிலையை முதன்முதலில் மாற்றியது ஜெர்மனி. தொழிலாளர் பொதுவுடைமைக் கட்சியின்பால் சாய்வதைத் தடுக்க எண்ணிய பிஸ்மார்க், 1884இல் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தைக் கொணர்ந்தார். யார் தவறு என்னும் ஆராய்ச்சியை இச்சட்டம் கைவிட்டது. வேலையில் அடிபட்டதே போதும். முற்றிலும் முடங்கியவருக்கு அவர்தம் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். செலவு முழுவதும் முதலாளிகளுடையது. ஒவ்வொரு தொழிலைச் சேர்ந்த முதலாளிகளும் ஒரு சங்கமாக இணைந்து, தத்தம் தொழிலின் ஆபத்துக்கு ஏற்பக் கட்டணம் செலுத்தினர். ஆபத்தின் அளவுப்படி வகுப்புப் பிரித்தல் என்னும் முறை இங்கேதான் வேர்கொண்டது.

அதே சட்டத்தில் மற்றொரு பிரிவினையும் பிறந்தது. தொழிற்சாலையின் மேற்பார்வை அலுவலர்கள் ஆண்டுக்கு 2,000 மார்க்குக்கு மேல் சம்பளம் பெறாதவராக இருந்தால் மட்டுமே காப்பினுள் வந்தனர். கூலியாளுக்கு இல்லாத வரம்பு அலுவலருக்கு வைக்கப்பட்டது. மதிப்புக்குரிய பதவியில் இருப்பவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்பது அதன் உட்பொருள்.

பிரிட்டனில், ஜோசப் சேம்பர்லெயினின் முயற்சியால், 1897இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. இரயில்வே, தொழிற்சாலை, சுரங்கம், கற்சுரங்கம், பொறியியற் பணிகள், முப்பதடிக்கு மேல் உயர்ந்த கட்டடப் பணிகள் ஆகியவற்றுக்கு மட்டுமே அது பொருந்தியது. உழைக்க இயலாதவருக்கு வாரக் கூலியில் பாதி, வாரம் ஒரு பவுனுக்கு மிகாமல் கிடைத்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு மூன்றாண்டுக் கூலி அல்லது 150 பவுன், இவற்றுள் எது மிகுதியோ அது, 300 பவுனுக்கு மிகாமல் வழங்கப்பட்டது. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்த காயமாக இருத்தல் வேண்டும் என்பது விதி. பிற்காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் சட்டங்களில் எல்லாம் இத்தொடர் இடம்பெற்றது.

நூலகப் பணியாளர் இச்சட்டத்தின் வாயிலில் நுழைந்தது 1906இல். அவ்வாண்டில் வந்த புதிய சட்டம் தொழில்களின் பட்டியலைக் கைவிட்டு, கையுழைப்பாயினும் எழுத்து வேலையாயினும் ஒப்பந்தப்படி பணிபுரியும் அனைவரையும் தழுவியது. எனினும் ஒரு விலக்கு இருந்தது. கையுழைப்பு அல்லாத வேலையில் ஆண்டுக்கு 250 பவுனுக்கு மேல் ஈட்டுவோர்க்கு இடமில்லை. ஆக, குறைந்த சம்பளம் பெறும் நூலக உதவியாளர் உள்ளே. உயர்ந்த சம்பளம் பெறும் தலைமை நூலகர் வெளியே. இருவரும் ஒரே ஏணியில் ஏறினும், விழுந்தபின் அவர்கள் நிலை வேறு வேறு.

அதே 1906ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு தொழில்நோய்களையும் விபத்துக்கு ஒப்பாக ஏற்றது. ஈயம், பாதரசம், ஆர்சனிக் முதலிய நச்சுகளால் வரும் நோய்களோடு கொக்கிப்புழு நோயும் அவற்றுள் ஒன்று. 1908இல் தந்தி அடிப்போரின் கைப்பிடிப்பு நோயும் அப்பட்டியலில் சேர்ந்தது. இது சிறு சேர்க்கைபோல் தோன்றினும் பெரும் திருப்பமாகும். இயந்திரத்தில் சிக்காமல், நெருப்பில் வேகாமல், மேசைமுன் அமர்ந்து ஒரே அசைவை ஆயிரம் முறை செய்வதாலும் கை கெடும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

உயர்தொழில் என்னும் பெயர்

இதே காலப்பகுதியில் நூலகப் பணி தனக்கென ஒரு மதிப்பைத் தேடிக்கொண்டிருந்தது. 1876இல் அமெரிக்க நூலகச் சங்கம் தோன்றியது. 1887இல் மெல்வில் டூயி கொலம்பியாவில் நூலகப் பள்ளியைத் தொடங்கினார். அங்குச் சேர்ந்த மாணவருள் பெரும்பாலோர் பெண்கள். மருத்துவர், வழக்கறிஞர் போன்று நூலகரும் உயர்தொழிலர் என்று கொள்ளப்பட வேண்டும் என்பது அக்காலத்தாரின் வேட்கை. அவ்வேட்கை நியாயமானதே. ஆனால், பெயர் உயர்ந்த அளவுக்குச் சம்பளம் உயரவில்லை. பெயர் உயர்ந்ததனால் உடலுழைப்பு மட்டும் பிறர் கண்ணுக்கு மறைந்தது. உயர்தொழிலர் என்பவர் சிந்திப்பவர்; சிந்திப்பவருக்கு அடிபடுவது எவ்வாறு என்று உலகம் கேட்டது.

1895இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரப் பொது நூலகத்து நூலகர் ஒருவர் காசநோயால் இறந்தார். நூல்களின் வழியே அவருக்கு நோய் தொற்றியிருக்கலாம் என்னும் அச்சம் நாடெங்கும் பரவியது. இரவல் நூல்கள் வாசகர் வீடுகளுக்கு நோயைக் கொண்டு செல்லுமோ என்று இதழ்கள் விவாதித்தன. நூல்களை ஆவியிலும் புகையிலும் தூய்மை செய்யும் முயற்சிகள் நடந்தன. நூல்வழித் தொற்று என்னும் அச்சம் பின்னாளில் ஆதாரமற்றது எனத் தெளிந்தது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. நூலகர் இறந்தபோது எழுந்த விவாதம் நூலை இரவல் வாங்குவோரின் பாதுகாப்பைப் பற்றியதாக இருந்தது. நூலைக் கையாளும் பணியாளருக்கு நோய் வந்தால் என்ன தரவேண்டும் என்று கேட்கும் சட்டம் அன்று அந்நாட்டில் இல்லை.

அமெரிக்க வகைப்பாடும் செலவுக் கணக்கும்

அமெரிக்காவில் இழப்பீட்டுச் சட்டம் மாநிலந்தோறும் தனித்தனியே வந்தது. நியூயார்க் மாநிலம் 1910இல் இயற்றிய கட்டாயச் சட்டத்தை, முதலாளியின் உடைமை உரிமைக்கு மாறானது என்று அம்மாநில மேல்மன்றம் 1911 மார்ச் 24ஆம் நாள் தள்ளிவிட்டது. மறுநாள், மார்ச் 25இல், நியூயார்க் நகரத்து டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. வெளியேற வழியின்றி 146 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம் பெண்கள். அதே ஆண்டில் விஸ்கான்சின் மாநிலம் நிலைத்து நின்ற முதற்சட்டத்தை இயற்றியது. 1917இல் நாட்டின் உச்சமன்றம் கட்டாய இழப்பீட்டை ஏற்றது. இறுதியாக 1948இல் மிசிசிப்பி மாநிலம் சட்டம் இயற்றிற்று.

சட்டம் கட்டாயமானதும் காப்புறுதி நிறுவனங்கள் பெருகின. எந்த வேலைக்கு எவ்வளவு கட்டணம் என்று வகுக்க வேண்டிய தேவை எழுந்தது. வேலைகள் பல நூறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றும் நான்கிலக்க எண் பெற்றது. 8810 என்பது அலுவலக எழுத்தருக்குரிய எண். எல்லா வகுப்புகளிலும் மிகக் குறைந்த கட்டணம் பெறுவனவற்றுள் அது ஒன்று. அவ்வகுப்பில் சேர வேண்டுமானால், பணியாளர் ஆபத்தான வேலை நடக்கும் இடத்திலிருந்து சுவர் முதலியவற்றால் பிரிக்கப்பட்ட இடத்தில், ஏடும் கணக்கும் சார்ந்த பணியை மட்டுமே செய்தல் வேண்டும்.

நூலகத்தை இம்முறை இரண்டாகப் பிரித்தது. உயர்தொழில் ஊழியரும் எழுத்தரும் குறைந்த கட்டணமுள்ள வகுப்பைச் சேர்ந்தனர். துப்புரவாளர், கட்டடப் பராமரிப்பாளர் முதலிய ஏனையோர் உயர்ந்த கட்டணமுள்ள வேறொரு வகுப்பைச் சேர்ந்தனர். கட்டணம் கணக்கிடும் முறை எளிது. சம்பளச் செலவில் ஒவ்வொரு நூறு டாலருக்கும் இவ்வளவு என்பதே அது. ஒரு நூலகம் தன் உயர்தொழில் ஊழியர்க்கு ஆண்டில் 5,00,000 டாலர் சம்பளம் தருவதாகவும், அவர்களுக்குரிய கட்டணம் நூறு டாலருக்கு 20 காசு என்றும் கொள்வோம். அந்நூலகம் அவர்களுக்காகச் செலுத்துவது 1,000 டாலர். துப்புரவாளர் இருவருக்குத் தரும் சம்பளம் 80,000 டாலர் என்றும், கட்டணம் நூறு டாலருக்கு 4 டாலர் என்றும் கொண்டால், அவ்விருவருக்காகச் செலுத்துவது 3,200 டாலர். சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பெறுவோருக்குக் கட்டணம் மும்மடங்கு. இவ்வெண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவையே. ஆயினும் இரு வகுப்புகளுக்கும் இடையே உள்ள தொலைவை இவை புலப்படுத்தும்.

இதனோடு முடிவதில்லை. ஓரளவு பெரிய நிறுவனங்களுக்கு, கடந்த சில ஆண்டுகளில் நேர்ந்த விபத்துகளின் செலவைக் கணக்கிட்டுக் கட்டணம் கூட்டவும் குறைக்கவும் படும். ஒத்த பிற நிறுவனங்களைவிட விபத்து மிகுந்தால் கட்டணம் உயரும்; குறைந்தால் தாழும். பாதுகாப்புக்குப் பணம் செலவிடுவது வீண் அன்று என்பதை முதலாளிக்கு உணர்த்தும் ஆற்றல் இம்முறைக்கு உண்டு. ஆனால் இதே ஆற்றல் வேறொரு திசையிலும் இழுக்கும். வகுப்பு மாறினால் கட்டணம் மாறுவதால், சுமை தூக்குபவரையும் எழுத்தர் என்று எழுதிவைக்கும் ஆசை எழும். விபத்தைப் பதிவு செய்தால் கட்டணம் உயருமே என்று, சிறு காயங்களைப் பதியாமல் விடும் மனமும் எழும்.

கண்ணுக்குப் புலப்படாத கேடுகள்

உயர்தொழில் நூலகரின் கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணம், அவருக்கு நேரும் கேடுகள் பெரும்பாலும் மெதுவாக வருவன என்பதே. கற்சுரங்கத்தில் பாறை ஒரு கணத்தில் விழும். நாள், நேரம், சாட்சி அனைத்தும் இருக்கும். நூலகத்தில் முதுகு ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக விழும். அதற்கு நாளும் இல்லை, சாட்சியும் இல்லை. கனத்த தொகுதிகளைத் தரைத்தட்டிலிருந்து குனிந்து எடுத்தல், தலைக்கு மேலுள்ள தட்டில் எட்டி வைத்தல், நூல்வண்டியைத் தள்ளுதல், முத்திரை குத்துதல், தட்டச்சு செய்தல் ஆகிய அனைத்தும் ஒரே அசைவின் ஓயாத தொடர்ச்சிகள்.

நச்சும் உண்டு. வெப்ப நாடுகளில் கரையானும் இராமபாணப் பூச்சியும் நூல்களை அழிக்காமலிருக்கப் பலவகை மருந்துகள் பயன்பட்டன. பாதரசக் கலவைகளும் டி.டி.டி.யும் அவற்றுள் சில. பழைய ஏடுகளைத் தூய்மை செய்யப் பயன்பட்ட எத்திலீன் ஆக்சைடு வாயு, மனிதருக்குப் புற்றுநோய் தருவது என 1994இல் உலக அளவில் வகைப்படுத்தப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பளிச்சிடும் பச்சைத் துணி அட்டைகள் சிலவற்றில் ஆர்சனிக் கலந்திருப்பதை, அமெரிக்காவின் விண்டர்தர் அருங்காட்சியகத்தார் 2019இல் கண்டறிந்தனர். அந்நூல்களை நூறாண்டுக்கு மேலாகக் கையுறையின்றித் துடைத்தவர் எத்தனை பேரோ!

நூலகக் கட்டமைப்பே காப்பாக அமையலாம் என்பதை உணர்ந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்ட அவர், தரையில் நின்றபடியே கைக்கு எட்டும் உயரத்துக்கு மேல் நூற்றட்டுகள் இருத்தல் கூடாது என்றார். வாசகரின் வசதியே அவர் கூறிய காரணம். எனினும், ஏணியை ஒழித்த அவ்விதி பணியாளரின் இடுப்பையும் காத்தது. இழப்பீட்டுக் கட்டணத்தைக் குறைக்கும் வழிகளுள் இதனினும் சிறந்தது வேறில்லை.

மலாயாவில் சட்டத்தின் பயணம்

பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த நாடுகளில் 1897, 1906 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே முன்மாதிரியாயின. இந்தியாவில் 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. மலாயாக் கூட்டரசில் 1952இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அது திருத்தங்கள் பெற்று நின்ற வடிவில், கையுழைப்பாளருக்குச் சம்பள வரம்பு இல்லை. கையுழைப்பு அல்லாத வேலையில் மாதம் 500 வெள்ளிக்கு மேல் பெறுவோர் அதன் பொருளில் தொழிலாளர் ஆகார். பால்வெட்டுத் தொழிலாளியும் சாலைத் தொழிலாளியும் இதனால் காப்புப் பெற்றனர். ஆனால் பொறுப்பு தனித்தனி முதலாளியினுடையது. தொகையோ ஒரே முறையில் தரப்படுவது. கணவனை இழந்த பெண்ணின் கையில் மொத்தமாக வந்த பணம், கடனுக்கும் ஈமச் சடங்குக்கும் போக, எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தோட்டப்புறங்கள் நன்கு அறிந்திருந்தன.

இக்குறையை நீக்க வந்ததே 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம். அதன்கீழ் சொக்சோ என வழங்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1971இல் செயற்படத் தொடங்கியது. மொத்தத் தொகைக்குப் பதில் மாதந்தோறும் உதவித்தொகை என்பது இதன் உயிர்நாடி. தற்காலிகமாக முடங்கியவருக்கு நாட்கூலியில் 80 விழுக்காடு. இறந்தவரின் குடும்பத்துக்குக் கணக்கிடும் நாள்வீதம் 90 விழுக்காடு. அதில் ஐந்தில் மூன்று பங்கு கைம்பெண்ணுக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வழியில் நேரும் விபத்தும் இதனுள் அடங்கும்.

கட்டண முறையில் சொக்சோ அமெரிக்க வழியைப் பின்பற்றவில்லை. பிரிட்டன் 1946இல் இயற்றி 1948இல் நடைமுறைப்படுத்திய தொழிற்காயக் காப்புறுதிச் சட்டம், தொழிலின் ஆபத்தைப் பாராமல் அனைவரையும் ஒரே பொதுநிதியில் சேர்த்திருந்தது. மலேசியாவும் அதே போக்கில், தொழிற்காயத் திட்டத்துக்கு முதலாளி செலுத்த வேண்டியது சம்பளத்தில் ஏறத்தாழ 1.25 விழுக்காடு என்று எல்லாத் தொழிலுக்கும் ஒரே வீதத்தை வைத்தது. மாதம் 3,000 வெள்ளி பெறும் நூலகருக்காகவும், அதே சம்பளம் பெறும் கற்சுரங்கத் தொழிலாளிக்காகவும் முதலாளி செலுத்துவது ஏறத்தாழ 37 வெள்ளியே. நூலகத்தின் பணம் கற்சுரங்கத்துக் கைம்பெண்ணுக்குச் சோறாகிறது என்றும் இதனைக் கூறலாம். முதலாளி தம் தொழிலை மேலும் காப்புடையதாக்கினாலும் அவர் கட்டணம் குறைவதில்லை என்னும் குறை இதற்கு உண்டு. ஆயினும், வகுப்பை மாற்றி எழுதி ஏய்க்கும் வாயில் இங்கே அடைபட்டது.

ஆபத்தின்படி வகுப்புப் பிரிக்காத சொக்சோ, சம்பளத்தின்படி வகுப்புப் பிரித்தது. தொடக்கத்தில் மாதம் 500 வெள்ளிக்கு மேல் பெறுவோர்க்குக் கட்டாயக் காப்பு இல்லை. அவ்வரம்பு பல படிகளில் உயர்ந்து 3,000 வெள்ளியை எட்டியது. வேலையில் சேரும்போதே அவ்வரம்புக்கு மேல் பெற்ற தனியார் கல்லூரி நூலகர், முதலாளியும் தாமும் இசைந்தாலன்றித் திட்டத்துக்கு வெளியே நின்றார். 2016 ஜூன் மாதத்தில்தான் இந்நிலை மாறியது. அன்று முதல் எவ்வளவு சம்பளம் பெறுபவரும் உள்ளே வந்தனர். கட்டணமும் உதவியும் கணக்கிடும் உச்சச் சம்பளம் மட்டும் 4,000 வெள்ளி என வரையறுக்கப்பட்டது. அவ்வுச்சம் 2022 செப்டம்பரில் 5,000 ஆகவும், 2024 அக்டோபரில் 6,000 ஆகவும் உயர்ந்தது. 1884இல் பெர்லினில் தொடங்கிய சம்பள வேலி, இந்நாட்டில் 2016இல் விழுந்தது.

எனினும், ஒரே கூரையின் கீழ் வேறுபாடுகள் நின்றன. பொது நூலகத்தில் ஓய்வூதியத் தகுதியுடன் நியமனம் பெற்ற அரசு நூலகர், சொக்சோவின்கீழ் வராமல் ஓய்வூதியச் சட்டத்தின்கீழ் வந்தார். பணியில் ஊனமுற்றால் அச்சட்டமே அவருக்குத் துணை. அதே கட்டடத்தைக் குத்தகை நிறுவனத்தின் சார்பில் துப்புரவு செய்தவர் உள்நாட்டவராயின் சொக்சோவின்கீழ் வந்தார். அவர் வெளிநாட்டவராயின், 1993 ஏப்ரல் முதல் 2018 முடியப் பழைய 1952ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே தள்ளப்பட்டார். அவர் குடும்பத்துக்கு மாத உதவி இல்லை, மொத்தத் தொகை மட்டுமே. 2019 ஜனவரி முதல் நாளன்றுதான் வெளிநாட்டுத் தொழிலாளர் மீண்டும் சொக்சோவுக்குள் சேர்க்கப்பட்டனர். கால் நூற்றாண்டுக் காலம், ஒரே படிக்கட்டில் வழுக்கி விழும் மூவருக்கு மூன்று நீதி.

சிங்கப்பூர் கண்ட மாற்றம்

சிங்கப்பூரின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் கையுழைப்பாளர் அனைவரையும் தழுவி, ஏனையோருள் குறைந்த சம்பளத்தாரை மட்டும் ஏற்றது. பின்னாளில் அவ்வரம்பு மாதம் 1,600 வெள்ளியாக இருந்தது. 2008 ஏப்ரலில் இச்சட்டம் பெயரும் உருவும் மாறிற்று. தொழிலாளர் இழப்பீடு என்பது வேலைக்காய இழப்பீடு ஆயிற்று. இழப்பீடு கோரும் உரிமை, கை எழுதுகோல் என்னும் வேறுபாடின்றி, பணி ஒப்பந்தத்தின்கீழ் உழைப்போர் ஏறத்தாழ அனைவருக்கும் கிடைத்தது. வீட்டுப் பணிப்பெண்கள் போன்ற சிலரே விலக்கு.

ஆயினும் பழைய கோடு முற்றிலும் அழியவில்லை. முதலாளி கட்டாயமாகக் காப்புறுதி வாங்க வேண்டியது யாருக்கு என்னும் இடத்தில் அது ஒதுங்கி நின்றது. கையுழைப்பாளருக்குச் சம்பளம் எவ்வளவாயினும் காப்புறுதி கட்டாயம். ஏனையோருக்கு ஒரு வரம்பு வரை மட்டுமே கட்டாயம். அவ்வரம்பு 2020 ஏப்ரலில் 2,100 வெள்ளியாகவும், 2021 ஏப்ரலில் 2,600 வெள்ளியாகவும் உயர்ந்தது. வரம்புக்கு மேல் பெறும் நூலகருக்கு இழப்பீட்டு உரிமை உண்டு; ஆனால் அத்தொகைக்குப் பின்னால் காப்புறுதி நிறுவனம் நிற்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. வலுவான நிறுவனத்தில் பணிபுரிபவர்க்கு இவ்வேறுபாடு பெரிதன்று. நலிந்த சிறு நிறுவனத்தில் இருப்பவர்க்கு அது பெரிதாகலாம்.

வரலாறு உணர்த்துவது

இந்நெடிய வரலாற்றை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை விளங்கும். ஆபத்தின் அளவுப்படி வகுப்புப் பிரித்தல் கணக்கறிந்தோரின் முறை. அதற்குரிய பயனும் பிழையும் அதற்கு உண்டு. ஆனால் பதவியின் பெயரைக் கொண்டும் சம்பளத்தின் அளவைக் கொண்டும் காப்பை மறுத்தல் கணக்கின்பாற்பட்டதன்று, அது மதிப்பின்பாற்பட்டது. உயர்தொழிலர் என்னும் சொல் நூலகருக்குப் பெருமை தந்தது. அதே சொல் அவர் தோளில் இருக்கும் சுமையைப் பிறர் காணாதவாறு திரையிட்டது. 1906இல் 250 பவுன், 1971இல் 500 வெள்ளி என்று வேலி வைத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். சம்பளம் மிகுந்தவரின் எலும்பு முறியாது என்று அவர்கள் கருதவும் இல்லை. மிகுந்த சம்பளம் பெறுபவர் சேமித்து வைத்திருப்பார் என்று கருதினர். இரண்டு மாதம் முடங்கிக் கிடந்த எந்தக் குடும்பத் தலைவரும் அக்கருத்தின் பிழையை எடுத்துரைப்பார்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். நூலகங்கள் வறியவை, நூல் வாங்கவே பணம் போதாத நிலையில் பணியாளர் காப்புக்கு ஏது பணம் என்று நிருவாகிகள் கேட்பது உண்டு. 1842ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதற்கு விடையாக நிற்கிறது. அன்று முதலாளி செலுத்தாத தொகையை எவரும் சேமித்துவிடவில்லை. கையிழந்தவரே அதனைச் செலுத்தினார். விபத்தின் செலவு எப்போதும் செலுத்தப்பட்டே தீரும். அதனைப் பலர் சேர்ந்து சிறிது சிறிதாகச் செலுத்துவதா, ஒரு குடும்பமே தனித்து முழுவதையும் செலுத்துவதா என்பதே சட்டம் தீர்க்கும் வழக்கு.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள நூலகங்களில் தமிழ் நூல்கள் வரிசை குலையாமல் நிற்கின்றன. ஒவ்வொரு நூலும் அவ்விடத்தில் தானே சென்று அமரவில்லை. அதனை வைத்த கை, கத்தி பிடித்த கையைப் போலவே எலும்பும் தசையும் உடையது. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளாகச் சட்டம் கற்றுக்கொண்டு வரும் பாடம் இதுவே. அப்பாடத்தை நூலகத்தின் ஆட்சிக் குழுக்களும், அதனைப் பயன்படுத்தும் வாசகரும் கற்றல் கடன்.